மைக்ரோசேர்விஸ் டெஸ்டிங்: முதல் எது, மறுகா எது

மைக்ரோசேர்விஸ் என்றால் ஒரு சிஸ்டத்தைத் தனித்தனியாக ஓடும் சின்னச் சின்னச் சேர்விஸ்களாகப் பிரித்து எழுதுவது. அப்படி நாலு சேர்விஸ் உள்ள ஒரு சிஸ்டத்துக்கு டெஸ்ட் எழுதச் சொன்னால், புதிதாக வருபவர் முதலில் திறப்பது பிரவுசரைத்தான். லொகின் பண்ணுவதில் தொடங்கி, நெல்லை எடைபோட்டு, பில் கையில் வரும் வரை ஒரே நீளமான டெஸ்ட். இரண்டு நாள் மினக்கெட்டு எழுதுவார். மூன்றாம் நாள் அது சிவப்பாகும் (டெஸ்ட் தேறினால் பச்சை, விழுந்தால் சிவப்பு). நாலு சேர்விஸில் எதில் பிழை என்று தேடியே நாலாம் நாளும் போய்விடும். மட்டக்களப்பில் எங்கள் சின்ன டீமில் இப்படித் தடுக்கி விழுந்தவர்கள் ஆறேழு பேராவது இருக்கும். முதல் ஆள் நான்தான்.

அவர்கள் டெஸ்ட் எழுதிய விதத்தில் பெரிய குறை இல்லை. எழுதிய ஒழுங்குதான் தலைகீழ். அதனால் இங்கே ஒழுங்கைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

உதாரணம் முழுக்க ஒன்றுதான்: ஒரு நெல் மில்லுக்கான கொள்வனவு சிஸ்டம். நிறுவை சேர்விஸ், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் களத்தில் நிற்கும் டேப்லெட்டிலிருந்து எடையையும் ஈரப்பதனையும் வாங்கும். விலை சேர்விஸ், அன்றைய விலையில் கழிவைக் கழித்துத் தொகையைச் சொல்லும். கொடுப்பனவு சேர்விஸ் காசுச் சீட்டைப் போடும். அறிவித்தல் சேர்விஸ் விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். நிறுவை சேர்விஸ் விலையை எச்டிடிபியில் (வெப்சைட்டுகள் பேசும் அதே முறையில்) நேரடியாகக் கேட்கும். மற்ற இரண்டுக்கும் ரெபிட்எம்கியூ (செய்திகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் மென்பொருள்) வழியாகச் செய்தி போகும்.

0. கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு சேர்விஸும் தனியாக, ஒரே கட்டளையில் எழும்ப வேண்டும். விலை சேர்விஸை எழுப்ப நிறுவை சேர்விஸும் ஓட வேண்டும் என்ற நிலை இருந்தால் டெஸ்ட் எழுத உட்காராதீர்கள். முதலில் அதைத் திருத்துங்கள். தனியாக எழும்பாததைத் தனியாகச் சோதிக்கவும் முடியாது.

மற்ற சேர்விஸின் முகவரி, டேட்டாபேஸ் முகவரி, டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் எல்லை) எல்லாம் என்வயர்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே வைக்கும் அமைப்பில்) இருக்கட்டும். கோடுக்குள் எழுதிவைத்தால் டெஸ்ட் நேரத்தில் போலிச் சேர்விஸ் பக்கம் திருப்ப வழியிருக்காது.

கடிகாரமும் வெளியிலிருந்து கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "இப்போது மணி என்ன" என்று கோடு நேரே சிஸ்டத்தைக் கேட்கக் கூடாது. காரணம் இரண்டாம் படியில் வரும்.

மெசினில் டொக்கர் (இமேஜ் என்ற பொதியிலிருந்து புரோகிராமைத் தனியாக எழுப்பி ஓட்டும் கருவி) வேண்டும், 16 ஜிபி ராம் இருந்தால் நல்லது. 8 ஜிபியில் நாலு சேர்விஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரெபிட்எம்கியூ, பிரவுசர் எல்லாம் சேர்ந்தால் மூச்சு முட்டும். இமேஜ்களை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஒவ்வொன்றும் சில நூறு எம்பி வரும். போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவர் டெஸ்டை முதல் தரம் ஓட்டும்போது பாதி டேட்டா போய்விடும். இமேஜுக்குப் பதிப்பு எண்ணையும் கட்டாயம் போடுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டால் நேற்றுப் பச்சையாக இருந்த டெஸ்ட் இன்று சிவப்பாகும். கோடில் நீங்கள் ஒரு எழுத்தும் மாற்றியிருக்க மாட்டீர்கள்.

1. முதலில் அம்புக்குறிகள்

ஒரு தாளில் சேர்விஸ்களைப் பெட்டிகளாக வரையுங்கள். யார் யாரைக் கூப்பிடுகிறாரோ அந்தப் பக்கம் ஓர் அம்பு. எச்டிடிபி என்றால் முழுக்கோடு, செய்தி என்றால் புள்ளிக்கோடு. டேட்டாபேஸும் வெளி எஸ்எம்எஸ் கேட்வேயும் பெட்டிகள்தான்; அவற்றை மறப்பவர்கள் அதிகம்.

ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் இரண்டு விஷயம் எழுதுங்கள். இந்தப் பாதை பத்து நிமிடம் அறுந்தால் என்ன நடக்கும்? பிழையான தகவல் போனால் யாருக்கு நட்டம்?

இது ஏன் முதல் படி என்றால், மைக்ரோசேர்விஸில் பெரும்பாலான அடி பெட்டிக்குள் விழுவதில்லை, அம்பில்தான் விழும். எந்த அம்பில் காசு போகிறதோ அதற்குத்தான் முதல் டெஸ்ட். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், ஒரு டெஸ்டும் இல்லாத சிஸ்டம் கையில் வந்தாலும் இதையே செய்யுங்கள். எல்லா சேர்விஸுக்கும் யூனிட் டெஸ்ட் (கோடின் ஒரு சின்னத் துண்டை மட்டும் சோதிப்பது) எழுதி முடித்த பிறகு பார்ப்போம் என்றால் அந்த நாள் வராது.

2. யூனிட் டெஸ்ட்: விதிகளுக்கு மட்டும்

கணக்கு, விதி, வடிவ மாற்றம் உள்ள இடங்களுக்கு யூனிட் டெஸ்ட் எழுதுங்கள். டேட்டாபேஸிலிருந்து எடுத்து அப்படியே திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷனுக்கு வேண்டாம். அதற்கு எழுதப்போனால் ஐந்து மொக் (போலித் துண்டு) வைத்து, மொக் சொன்னதையே மொக்கிடம் கேட்டு உறுதிப்படுத்துவீர்கள்.

எங்கள் பக்கச் சிஸ்டங்களில் தவறாமல் பிழை வரும் மூன்று விதிகளைச் சொல்கிறேன். இவற்றுக்கு டெஸ்ட் இல்லாமல் கோடைச் சேர்க்க நான் விடுவதில்லை.

முதலாவது நேரம். இலங்கை நேரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரம்) 5 மணி 30 நிமிடம் முன்னால். சேர்வர் யுடிசியில் ஓடும். மார்ச் 1 அதிகாலை 4.30க்கு ஒரு லொறி நெல் வந்து நிறுக்கிறார்கள் என்று வையுங்கள். யுடிசியில் அது பெப்ரவரி 28 இரவு 11 மணி. மார்ச் 1 முதல் விலை மாறுகிறது என்றால் அந்த விவசாயிக்குப் பழைய விலை விழும். (நெட்டாண்டு என்றால் பெப்ரவரி 29, அதற்கும் ஒரு டெஸ்ட்.) பகலில் உட்கார்ந்து சோதிப்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது. கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கச் சொன்னது இதற்குத்தான்: டெஸ்டில் மணியை அதிகாலை 4.30 என்று வைத்து ஓட்டலாம்.

இரண்டாவது அடையாள அட்டை இலக்கம். பழையது 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியது 12 இலக்கம். ஒரே ஆள் போன போகத்தில் பழைய அட்டையையும் இந்தப் போகத்தில் புதிய அட்டையையும் கொண்டுவருவார். சிஸ்டத்தில் அவர் இரண்டு விவசாயியாகக் கூடாது. பழையதைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் விதி எளிது: முன்னால் 19, பிறகு முதல் ஐந்து இலக்கம், ஒரு பூச்சியம், மிச்ச நாலு இலக்கம். அந்தப் பூச்சியத்தை விட்டுவிட்டு எழுதிய கோடை நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது தமிழ் எழுத்து. 'கோவில்போரதீவு' என்று ஒருவர் ஒரு கீபோர்டில் அடித்ததும் இன்னொருவர் வேறொன்றில் அடித்ததும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே, 'கோ' ஒன்றில் 'க'வும் ஓகாரக் குறியும். மற்றதில் 'க', ஏகாரக் குறி, கால் (ா) என மூன்று துண்டு. தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் யுனிகோட் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு வடிவத்தையும் கொடுத்து, ஒரே விடை வருகிறதா என்று டெஸ்ட் எழுதுங்கள். எஸ்எம்எஸ் பக்கமும் இதே தொல்லைதான்: தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிதான் கொள்ளும். 'மட்டக்களப்பு' கண்ணுக்கு எட்டு எழுத்து, கணக்குக்கு 12 குறி. கண்ணை நம்பி எழுதிய செய்தி இரண்டு எஸ்எம்எஸ்ஸாக உடைந்து, காசும் இரட்டிக்கும்.

3. ஒரு சேர்விஸை முழுதாக, தனியாக

அடுத்து ஒரு சேர்விஸை உண்மையாகவே எழுப்பி, வெளியிலிருந்து எச்டிடிபியில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் டேட்டாபேஸ் நிஜம், பக்கத்து சேர்விஸ்கள் மட்டும் போலி. இந்த வகை டெஸ்டுகள்தான் உங்களிடம் அதிகம் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். யூனிட் டெஸ்டுகளை ஆயிரக்கணக்கில் குவிப்பதைவிட இது பலன் தரும்.

டேட்டாபேஸுக்கு டெஸ்ட்கண்டெய்னர்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். டெஸ்ட் தொடங்கும்போது டொக்கரில் ஒரு புது போஸ்ட்கிரெஸை எழுப்பித் தரும், முடிந்ததும் அழித்துவிடும். "வேகமாக இருக்கும்" என்று மெமரியில் ஓடும் எச்2 டேட்டாபேஸை வைப்பது பழைய பழக்கம். போஸ்ட்கிரெஸில் உள்ள ஜேசன்பி (ஜேசன் என்ற எழுத்து வடிவத் தகவலைச் சேமிக்கும் வகை), ஒன் கொன்ஃப்ளிக்ட் (அதே வரி ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்று சொல்வது) போன்றவை அங்கே அப்படியே கிடைக்காது. நிஜத்தில் ஓடாத டேட்டாபேஸில் பச்சை வாங்கி என்ன பயன்?

டேபிள்களை டெஸ்டுக்கென்று தனியாக உருவாக்க வேண்டாம். புரொடக்ஷனில் (நிஜப் பயன்பாட்டில்) ஓடும் அதே மைக்ரேஷன் கோப்புகளையே (டேபிள்களை உருவாக்கி மாற்றும் கட்டளைகள்) ஓட்டுங்கள். மைக்ரேஷனுக்கும் சும்மா ஒரு சோதனை கிடைத்துவிடும்.

பக்கத்து சேர்விஸுக்கு வயர்மொக் போன்ற ஒன்றை வைத்து, எச்டிடிபி மட்டத்தில் போலி செய்யுங்கள். கோடுக்குள் கிளையன்ட் கிளாஸையே மொக் பண்ணினால் ஜேசன் உடைவது, ஹெடர் விடுபடுவது, டைம்அவுட் போடாமல் விட்டது ஒன்றும் தெரியாது. பிழை வருவது அங்கேதான்.

புதியவர் விழும் குழி ஒன்று: ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்ஸாக்ஷனில் சுற்றி, முடிவில் ரோல்பேக் பண்ணுவது (எழுதியதைத் திரும்ப எடுப்பது). எச்டிடிபி வழியாகக் கூப்பிடும்போது சேர்விஸ் தன் சொந்த டிரான்ஸாக்ஷனில் எழுதி கொமிட் பண்ணிவிடும் (நிலையாக்கிவிடும்). உங்கள் ரோல்பேக் அதைத் தொடாது. அடுத்த டெஸ்ட் முன்னதன் குப்பையில் கால்வைக்கும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் டேபிள்களைக் காலி பண்ணுங்கள். முடிந்த பிறகு காலி பண்ணுவதை நம்ப முடியாது, நடுவில் விழுந்த டெஸ்ட் தன் குப்பையை அள்ளாமலே போகும்.

4. ஒப்பந்தம்: இங்கே நிதானமாக இருங்கள்

மூன்றாம் படியில் விலை சேர்விஸைப் போலி செய்தோம். அந்தப் போலி சொல்வது, விலை சேர்விஸ் எப்படிப் பதில் சொல்லும் என்று நாம் நினைத்ததை. நிஜ விலை சேர்விஸ் போன கிழமையே மாறியிருக்கலாம். இந்த இடைவெளியை அடைப்பதுதான் கொன்ட்ராக்ட் டெஸ்ட்.

எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். டேப்லெட் ஈரப்பதனை 16, 17 என்று சதவீதமாக அனுப்பிக்கொண்டிருந்தது. நிறுவை சேர்விஸில் வேலை செய்த ஒரு தம்பி, கணிதப்படி ஒழுங்காக இருக்கட்டும் என்று அதை 0.16, 0.17 என்று மாற்றினார். தன் பக்க டெஸ்டுகளையும் திருத்தினார். எல்லாம் பச்சை. விலை சேர்விஸ் பக்கம் ஒன்றும் மாறவில்லை, அங்கும் எல்லாம் பச்சை. ஈரப்பதன் 14க்கு மேல் போனால் கழிவு என்பது அங்கே விதி. 0.16 என்பது 14ஐவிடச் சின்னது. ஆகவே கழிவு இல்லை.

மூன்று நாள் ஈர நெல்லுக்கு முழு விலை போனது. விவசாயி ஒருவரும் முறையிடவில்லை. ஏன் முறையிடப் போகிறார்? நாலாம் நாள் மில்லின் கணக்கப்பிள்ளைதான் போன் எடுத்தார். "தம்பி, மூணு நாளா ஒருத்தர்ட நெல்லிலயும் ஈரம் இல்லையாம். மழைக்குள்ள வெட்டின நெல்லு இது. உங்கட மெசின் என்ன சொல்லுது எண்டு ஒருக்காப் பாருங்க."

சரி, இப்போது படிகள். பக்ட் என்ற கருவியை வைத்துச் சொல்கிறேன். வேறு கருவி என்றாலும் ஒழுங்கு இதுதான்.

அ) கேட்கும் பக்கம் தொடங்கட்டும். நிறுவை சேர்விஸ், "இப்படிக் கேட்பேன், இப்படிப் பதில் வந்தால் எனக்குப் போதும்" என்று ஒரு டெஸ்ட் எழுதும். அது ஓடும்போது ஒரு ஜேசன் கோப்பு உருவாகும். அதுதான் ஒப்பந்தம். கேட்பவர் தொடங்குவதன் காரணம்: உண்மையில் எந்தப் புலம் தேவை என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆ) தேவையான புலங்களை மட்டும் எழுதுங்கள். விலை சேர்விஸ் இருபது புலம் தரலாம், நீங்கள் மூன்றைத்தான் படிக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் மூன்றுதான். இருபதையும் எழுதினால், நீங்கள் தொடாத ஒரு புலத்தை நீக்கவும் மற்ற டீம் உங்களிடம் கெஞ்ச வேண்டிவரும். கொஞ்ச நாளில் ஒப்பந்தத்தையே தூக்கி எறிவார்கள்.

இ) கோப்பை பக்ட் புரோக்கரில் (ஒப்பந்தங்களை வைக்கும் பொதுச் சேர்வர்) ஏற்றுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவது, ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குக் கொப்பி பண்ணுவது எல்லாம் ஒரு மாதம்தான் ஓடும்.

ஈ) விலை சேர்விஸ் தன் சிஐயில் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சேர்வர்), ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்த ஒப்பந்தத்தைத் தன் நிஜக் கோடுக்கு எதிராக ஓட்டிப் பார்க்க வேண்டும். பலர் முதல் மூன்று படியையும் அழகாகச் செய்துவிட்டு இங்கே விட்டுவிடுவார்கள். சரிபார்க்காத ஒப்பந்தம் வெறும் கோப்பு.

உ) நிலைகளைச் சொல்லுங்கள். "இன்று நாட்டு நெல்லுக்கு விலை போடப்பட்டிருக்கிறது", "விலை இன்னும் போடவில்லை" என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு முன்நிலை உண்டு. சரிபார்க்கும்போது விலை சேர்விஸ் அந்த நிலையைத் தன் டேட்டாபேஸில் ஏற்படுத்தித் தரும். விலை போடாத நிலையை எழுத மறப்பார்கள். காலையில் கந்தோர் திறக்கும் முன் லொறி வந்து நிற்கும் ஊரில் அந்த நிலை தினமும் வரும்.

ஊ) வெளியிடும் முன் புரோக்கரிடம் கேளுங்கள். பக்ட்டில் 'கேன் ஐ டிப்ளோய்' என்று ஒரு கட்டளை உண்டு. இந்தப் பதிப்பு, இப்போது புரொடக்ஷனில் இருக்கும் மற்றவர்களுடன் ஒத்துப்போகுமா என்று சொல்லும். "இல்லை" என்றால் பைப்லைன் (டெஸ்டிலிருந்து வெளியீடு வரை தானாக ஓடும் வரிசை) அங்கேயே நிற்கட்டும்.

இனிக் கவனியுங்கள். மேலே உள்ள ஆறையும் சரியாகச் செய்திருந்தாலும் எங்கள் 0.16 பிழை தப்பியிருக்கும். 'இது ஓர் எண்' என்று மட்டும் பார்த்தால் 16உம் எண், 0.16உம் எண். விலை சேர்விஸும் மறுக்காமல் ஒரு தொகையைத் திருப்பியிருக்கும். ஒப்பந்தம் வடிவத்தைத்தான் பார்க்கும், அர்த்தத்தைப் பார்க்காது.

நாங்கள் மூன்று மாற்றம் செய்தோம். புலத்தின் பெயரிலேயே அலகைச் சேர்த்தோம்: 'மொய்ஸ்ச்சர்' என்றிருந்தது 'மொய்ஸ்ச்சர்_பெர்சென்ட்' ஆனது. விலை சேர்விஸ் 5க்குக் கீழோ 35க்கு மேலோ ஈரப்பதன் வந்தால் 422 (இந்தத் தகவலை ஏற்க முடியாது) என்று மறுக்கும். ஒப்பந்தத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் நிஜ எண்கள்: ஈரப்பதன் 17 என்று கேட்டால் பதிலில் கழிவு பூச்சியத்துக்கு மேல் இருக்க வேண்டும். இப்போது யாராவது மறுபடியும் பின்னமாக மாற்றினால் ஒப்பந்தம் சரிபார்க்கும்போதே சிவப்பாகும்.

அதற்காகக் கழிவுக் கணக்கு முழுவதையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவராதீர்கள். அது விலை சேர்விஸின் யூனிட் டெஸ்டில் இருக்க வேண்டியது. அலகு மாறினால் காட்டிக்கொடுக்க ஓர் உதாரணம் போதும்.

5. செய்திகள்: இரட்டிப்பும் ஒழுங்கும்

ரெபிட்எம்கியூவில் ஒரு செய்தி குறைந்தது ஒரு தரம் வரும் என்றுதான் எதிர்பார்க்கலாம். இரண்டு தரமும் வரலாம். கொடுப்பனவு சேர்விஸ் சீட்டை எழுதி முடித்து, "கிடைத்தது" என்று சொல்லும் முன் விழுந்தால் அதே செய்தி மறுபடி வரும்.

ஆகவே முதல் டெஸ்ட் இது: ஒரே செய்தியை இரண்டு தரம் அனுப்புங்கள். சீட்டு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது டெஸ்ட்: இரண்டையும் ஒரே கணத்தில், இரண்டு திரெட்டில் அனுப்புங்கள். முதலாவதில் தேறும் பல கோடுகள் இதில் விழும். "இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் எழுது" என்று எழுதியிருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பார்த்து, இருவருக்கும் "இல்லை" என்று விடை வந்து, இருவரும் எழுதுவார்கள். டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு (ஒன்றே இரண்டு தரம் பதியாதபடி தடுப்பது) போடுவதுதான் மருந்து.

டேப்லெட் பக்கமும் இதே கதை. பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் சிக்னல் வரும், போகும். டேப்லெட் அனுப்பியது சேர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், பதில் மட்டும் திரும்பி வந்திருக்காது. டேப்லெட் மறுபடி அனுப்பும். ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு தனிச் சாவியை டேப்லெட்டே உருவாக்கி, அதை எல்லா முயற்சியிலும் கூடவே அனுப்ப வேண்டும். வழக்கமான பிழை, அந்தச் சாவியை அனுப்பும் ஃபங்ஷனுக்குள் உருவாக்குவது. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி பிறக்கும், சேர்வருக்கு அவை வேறு வேறு நிறுவையாகத் தெரியும். சாவி இருக்கிறது என்று சொல்லி நிம்மதியாக இருப்பீர்கள். டெஸ்டில் முதல் பதிலை வேண்டுமென்றே விழுங்கிவிட்டு, இரண்டாம் முயற்சியில் அதே சாவி வருகிறதா என்று பாருங்கள்.

காத்திருக்கும் விதம் பற்றி ஒரு சொல். செய்தி போய் வேலை முடிய நேரம் எடுக்கும் என்று டெஸ்டில் ஐந்து விநாடி ஸ்லீப் போடுவார்கள். உங்கள் லப்டொப்பில் போதும், சிஐ சேர்வர் களைத்திருக்கும் நாளில் போதாது. 100 மில்லிவிநாடிக்கு ஒரு தரம் பார், கிடைத்ததும் நகர், 10 விநாடியில் வராவிட்டால் விழு என்று எழுதுங்கள். வேகமான நாளில் வேகமாக முடியும், மெதுவான நாளிலும் பொய் சொல்லாது.

உடைந்த ஜேசனை ஒரு தரம் அனுப்பிப் பாருங்கள். அது ஒதுக்கு வரிசைக்கு (படிக்க முடியாத செய்திகளைத் தனியே வைக்கும் வரிசை) போக வேண்டும், பின்னால் வரும் நல்ல செய்திகள் ஓட வேண்டும். ஒரு கெட்ட செய்தி வாசலில் குந்திக்கொண்டு முழு வரிசையையும் மறித்தால், அன்றைக்கு ஒருவருக்கும் சீட்டு வராது. செய்திகளின் வடிவத்துக்கும் பக்ட்டில் ஒப்பந்தம் எழுதலாம். படிகள் மேலே சொன்னவையே.

6. வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

இரண்டு சேர்விஸுக்கு நடுவில் டொக்சிப்ரொக்சியை வைத்தால் பாதையை மெதுவாக்கலாம், அறுக்கலாம், பாதியில் விடலாம். புதியவர்கள் அறுத்துப் பார்ப்பதோடு நிறுத்துவார்கள். செத்த சேர்விஸ் அவ்வளவு ஆபத்தில்லை. உடனே பிழை வரும், கையாளலாம். மெதுவான சேர்விஸ்தான் ஆபத்து. விலை சேர்விஸ் பதில் சொல்ல 20 விநாடி எடுத்தால், நிறுவை சேர்விஸின் கனெக்ஷன்கள் எல்லாம் அங்கே காத்துக் கிடந்து, விலையோடு சம்பந்தமே இல்லாத வேலைகளும் நின்றுபோகும்.

இரண்டு கணக்கைப் பாருங்கள். வெளியே நிற்பவரின் டைம்அவுட், உள்ளே நடப்பதன் மொத்தத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். டேப்லெட் 5 விநாடியில் கைவிட்டு, நிறுவை சேர்விஸ் விலைக்காக 30 விநாடி காத்திருந்தால், டேப்லெட் போன பிறகும் வேலை உள்ளே நடந்து பதிவாகும். இரட்டைப் பதிவின் ஊற்று இதுதான்.

மற்றது மறுமுயற்சி. டேப்லெட் மூன்று தரம், நிறுவை சேர்விஸ் மூன்று தரம், விலை சேர்விஸ் டேட்டாபேஸை மூன்று தரம் முயன்றால், ஒரு நிறுவைக்கு டேட்டாபேஸில் 27 தட்டல். களைத்துப்போன டேட்டாபேஸை அடித்துக் கொல்வதற்குச் சமம். மறுமுயற்சி ஒரு மட்டத்தில் மட்டும் இருக்கட்டும். டெஸ்டில் தட்டல்களை எண்ணுங்கள்.

7. முழுப் பாதை டெஸ்ட்: ஐந்து போதும்

பிரவுசரைத் திறக்கும் நேரம் இப்போதுதான். எடைபோட்டுச் சீட்டு வரும் பாதை, விலை திருத்தும் பாதை, பிழையான நிறுவையை ரத்து பண்ணும் பாதை: இவ்வளவுதான் எங்களிடம். ஐந்தைத் தாண்ட விடாதீர்கள். இந்த டெஸ்டுகள் மெதுவானவை, விழுந்தால் எங்கே பிழை என்றும் சொல்லாது. பெட்டிகள் சரியாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும்தான் இவற்றிடம் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது விவசாயியை உருவாக்குங்கள். எல்லா டெஸ்டும் ஒரே 'டெஸ்ட் விவசாயி'யைப் பயன்படுத்தினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டும் நாளில் இரண்டும் விழும்.

8. பைப்லைனில் வரிசை

வேகமானது முன்னால். யூனிட், பிறகு தனிச் சேர்விஸ் டெஸ்ட், பிறகு ஒப்பந்தம், வெளியிடும் முன் 'கேன் ஐ டிப்ளோய்', ஸ்டேஜிங்கில் (நிஜத்தைப் போன்ற ஒத்திகைச் சிஸ்டம்) முழுப் பாதை. கோடை ஏற்றியவருக்குப் பத்து நிமிடத்துக்குள் பதில் வர வேண்டும். அதற்கு மேல் போனால் அவர் அடுத்த வேலையைத் தொடங்கியிருப்பார்.

சில நேரம் பச்சை, சில நேரம் சிவப்பு என்று ஆடும் டெஸ்டுக்கு இரக்கம் காட்டாதீர்கள். "இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க, வரும்" என்ற வசனம் டீமில் ஒரு தரம் புழங்கத் தொடங்கினால் நிஜச் சிவப்பையும் அப்படியே கடந்து போவார்கள். அதைத் தனியாக ஒதுக்கி, ஒருவரின் பெயரையும் ஒரு திகதியையும் எழுதுங்கள். திகதிக்குள் திருந்தாவிட்டால் அழித்துவிடுங்கள்.

9. இரண்டு பதிப்பு ஒரே நேரத்தில்

புதிய பதிப்பை ஏற்றும் அந்தச் சில நிமிடம் பழையதும் புதியதும் ஒரே டேட்டாபேஸில் ஓடும். டேபிளில் ஒரு கொலத்தின் (நிரலின்) பெயரை ஒரே மைக்ரேஷனில் மாற்றினால் பழையது உடனே விழும். புதிய கொலத்தைச் சேர், இரண்டிலும் எழுது, வாசிப்பதைப் புதியதுக்கு மாற்று, பழையதைப் பிந்திய வெளியீடு ஒன்றில் நீக்கு என்பதுதான் ஒழுங்கு. இதைச் சோதிக்க, புதிய மைக்ரேஷனை ஓட்டிய டேட்டாபேஸின் மேல் பழைய பதிப்பின் இமேஜை எழுப்பி, மூன்றாம் படி டெஸ்டுகளை ஓட்டுங்கள்.

வரிசையில் கிடக்கும் பழைய செய்திகளையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு மாதிரிச் செய்தியைக் கோப்பாகச் சேமித்து வைத்து, புதிய கோடு அதைப் படிக்கிறதா என்று பாருங்கள்.

10. வெளியிட்ட பிறகு

ஒரு நிறுவை நாலு சேர்விஸையும் கடக்கும்போது ஒரே டிரேஸ் இலக்கம் கூடவே போக வேண்டும். ஓபன்டெலிமெட்ரி இதற்கு உதவும். எச்டிடிபியில் தானாகப் போகும் இலக்கம் செய்தி வரிசையில் அறுந்துபோவது வழக்கம். செய்தியின் ஹெடரில் அது இருக்கிறதா என்று ஐந்தாம் படி டெஸ்டிலேயே ஒரு வரி சேருங்கள்.

சுமைச் சோதனையைப் பெரும்போக அறுவடைக்கு முன் முடித்துவிடுங்கள். கே6 என்ற சுமைச் சோதனைக் கருவியை வைத்து நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்று சீராக அனுப்புவது நிஜத்தைப் போல இருக்காது. சிக்னல் இல்லாமல் இரண்டு மணி நேரம் சேர்த்துவைத்த டேப்லெட் எல்லாம், சிக்னல் திரும்பியதும் ஒரே நிமிடத்தில் கொட்டும். அந்த வடிவத்தில் அனுப்பிப் பாருங்கள். டேப்லெட்டுகள் ஆளுக்குச் சில விநாடி தாறுமாறாகக் காத்திருந்து அனுப்பும்படி செய்தால் ஒரே கணத்தில் விழும் சுமை குறைவதைப் பார்ப்பீர்கள்.

கடைசியாக, தினமும் காலையில் புரொடக்ஷனிலேயே ஒரு பொய் விவசாயியைக் கொண்டு ஒரு மூடை நெல்லை விற்றுப் பாருங்கள். லொறி வரும் முன் பிழை தெரிந்துவிடும். நாங்கள் இதைத் தொடங்கியபோது அந்த விவசாயிக்கு வாயில் வந்த ஒரு போன் நம்பரை அடித்துவிட்டோம். அது உண்மையிலேயே ஓர் அக்காவின் நம்பர். இரண்டு கிழமையாகத் தினமும் விடிய ஆறு மணிக்கு "உங்கள் நெல்லுக்கான காசு தயார்" என்று அவருக்கு எஸ்எம்எஸ். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மில்லுக்கே வந்து, "என்ட காசு எங்க மனே?" என்று கேட்டார். இப்போது பொய் விவசாயிக்கு டீமின் சொந்த சிம். அவரது மூடை மில்லின் மொத்தக் கணக்கில் சேராதபடி ஓர் அடையாளமும் வைத்திருக்கிறோம். அந்த அடையாளத்துக்கும் ஒரு டெஸ்ட் இருக்கிறது.